நானோ ஆய்வுக்குள் வரும் இயற்பியல் மாணவருக்கு: முதல் பட்டத்திலிருந்து சொந்த ஆய்வகம் வரை

இயற்பியலில் முதல் பட்டமோ முதுகலைப் பட்டமோ படித்துவரும் மாணவர்கள் என்னிடம் வந்து, நானோ தொழில்நுட்ப ஆய்வுக்குள் எப்படி நுழைவது என்று கேட்கும்போது, அதையொட்டியே இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது: எந்தப் பொருளை எடுத்தால் எதிர்காலம் இருக்கும்? முதல் கேள்விக்கான விடையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை. இரண்டாவது கேள்வியை மட்டும் தொடக்கத்திலேயே திருத்திவிட விரும்புகிறேன். அதை அப்படியே கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர்களில் சிலர், பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் முதல் படியில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறையில் பொருள்கள் அலையலையாக வருகின்றன. 60 கரிம அணுக்களாலான பந்து வடிவ ஃபுல்லரீன் மூலக்கூறை க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் 1985-இல் கண்டறிந்தார்கள். 1991-இல் சுமியோ இஜிமாவின் கட்டுரைக்குப் பிறகு ஆய்வகங்கள் கார்பன் நானோகுழாய்களை நோக்கித் திரும்பின. 2004-இல் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்த, ஓரணுத் தடிமனே உள்ள கரிம ஏடான கிராஃபீன் அடுத்த அலையைக் கிளப்பியது. இரண்டு கிராஃபீன் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ 1.1 டிகிரி திருகி வைத்தால் மீகடத்துதிறன் (தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலை) தோன்றுகிறது என்று 2018-இல் பாப்லோ ஹரியோ-எரேரோவின் குழு காட்டியபோது இன்னோர் அலை எழுந்தது. ஓர் ஆய்வாளரின் பணிக்காலம் முப்பத்தைந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இத்தகைய அலைகள் மூன்றேனும் வந்து போகும். ஒவ்வோர் அலைக்கும் தன்னை அடியோடு மாற்றிக்கொள்பவருக்கு எதிலும் ஆழம் கிடைப்பதில்லை. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியவை இரண்டு: நீண்ட நாள் தாங்கும் ஓர் இயற்பியல் கேள்வி, அதை விசாரிக்க உங்கள் கைக்கு நன்றாகப் படிந்த ஓர் அளவீட்டு முறை. பொருள் அவற்றைத் தொடர்ந்து வரட்டும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் பெயர் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ். 1960-இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் சேர்ந்த அவர், சுற்றியிருந்தவர்கள் குறைகடத்திகளில் ஈடுபட்டிருந்தபோது, பலரும் சீந்தாத கிராஃபைட்டை எடுத்துக்கொண்டு, அடுக்கடுக்கான கரிமத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்வியைத் தொடர்ந்தார். மூன்று பத்தாண்டுகள் கழித்து நானோகுழாய்கள் வந்தபோது, கிராஃபீன் ஏட்டை எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அக்குழாய் உலோகமாகவோ குறைகடத்தியாகவோ இருக்கும் என்று 1992-இலேயே கணித்துச் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். அவர் அந்த அலையைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அது வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். 2017-இல் தம் 86-ஆம் வயதில் மறையும்வரை கரிமத்தை அவர் விடவில்லை.

முதல் படி: அளவுகளை மனக்கணக்காக்கிக்கொள்ளுங்கள்

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். ஆனால் எந்த அளவில் எந்த இயற்பியல் மாறுகிறது என்பதைத் தாளும் பேனாவும் கொண்டு ஐந்து நிமிடத்தில் மதிப்பிடத் தெரிவதுதான் இத்துறைக்காரரின் அடையாளம். எந்தப் பாடநூலையும் திறப்பதற்கு முன், பின்வரும் மூன்று கணக்குகளை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலாவது மேற்பரப்புக் கணக்கு. தங்கத்தில் ஒரு கன நானோமீட்டரில் ஏறத்தாழ 59 அணுக்கள் இருக்கின்றன. எனவே 3 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளில் 830 அணுக்கள் அளவில் இருக்கும். வெளி ஓட்டின் தடிமனை ஓர் அணு அளவாக, அதாவது 0.25 நானோமீட்டராக எடுத்துக்கொண்டால், ஐந்தில் இரண்டு பங்கு அணுக்கள் மேற்பரப்பில் நிற்கின்றன. அதே துகளை 30 நானோமீட்டராக்கினால் அந்தப் பங்கு 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. 1064 டிகிரி செல்சியஸில் உருகும் தங்கம், சில நானோமீட்டர் துகளாகும்போது பல நூறு டிகிரி குறைவாகவே ஏன் உருகிவிடுகிறது என்பதற்கும், வேதிவினைகளில் அசையாத தங்கம் நுண்துகளாகும்போது ஏன் வினையூக்கியாகிறது என்பதற்கும் விளக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது மின்னூட்டக் கணக்கு. தனித்து நிற்கும் ஒரு கோளத்தின் மின்தேக்குதிறன் அதன் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றுவதற்கு 0.7 மில்லி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள கோளத்துக்கு 72 மில்லி எலக்ட்ரான்வோல்ட் தேவைப்படுகிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பெரிய கோளத்தில் வெப்பத்தின் இரைச்சலில் மறைந்துபோகும் ஒற்றை எலக்ட்ரான், சிறிய கோளத்தில் அறை வெப்பநிலையிலேயே தன்னைக் காட்டத் தொடங்குகிறது என்பது புரியும். தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் குளிர்விக்க வேண்டும். எந்தச் சோதனைக்குத் திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் போதும், எதற்குத் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வின் வேண்டும் என்ற முடிவும் இதே ஒப்பீட்டிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது அலைநீளக் கணக்கு. மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரானின் அலைநீளம் தங்கத்தில் அரை நானோமீட்டர்தான். கேலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் உருவாக்கப்படும் இருபரிமாண எலக்ட்ரான் படலத்திலோ அது 40 நானோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஒடுங்கிய வழியொன்றில் மின்கடத்துகை படிக்கட்டு போலத் தாவித்தாவி ஏறுவதை 1988-இல் இரண்டு குழுக்கள் கேலியம் ஆர்சனைடில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்ட முடிந்ததற்கு இதுவே காரணம். ஒவ்வொரு படியும் 12,906 ஓம் மின்தடையின் தலைகீழ் மதிப்புக்குச் சமம். கருவியின் திரையில் அந்த எண்ணுக்கு அருகில் ஒரு மதிப்பைக் காணும்போது மனம் தானாக விழித்துக்கொள்ளும் அளவுக்கு இத்தகைய எண்கள் உங்களுக்குப் பழகியிருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அடித்தளப் பாடங்கள்

நானோ அறிவியல் என்ற பெயரிலேயே பட்டப்படிப்புகள் பல இடங்களில் நடத்தப்படுகின்றன. கல்வித்துறையில் இயற்பியலாளராக நிலைபெற விரும்புபவர், கூடுமானால் இயற்பியலில் உறுதியான முதுகலைப் பட்டத்தை முடித்துவிட்டு நானோவுக்கு வருவதே நல்லது என்பது என் கருத்து. குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல், மின்காந்தவியல், திண்மநிலை இயற்பியல் ஆகிய நான்கும் எந்த அலை வந்தாலும் உடன்வரும். இவற்றுள் திண்மநிலை இயற்பியலை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆற்றல் பட்டைகள், நிலைகளின் அடர்த்தி, படிக அமைப்பு, அதிர்வுகள் ஆகியவை கண்ணை மூடிக்கொண்டாலும் வரையக்கூடியவையாக இருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டைத் தனியே கற்க வேண்டியிருக்கும். ஒன்று, பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியில் தரவைப் படித்து, பொருத்தி, வரைபடமாக்கும் பழக்கம். மற்றொன்று, மின்னணுச் சுற்றுகளைக் கையால் கட்டும் பழக்கம். இரண்டாவதைக் கோட்பாட்டு மாணவர்கள் தள்ளிவிடுவது வழக்கம். அவர்களும் ஒரு பருவமாவது பற்றவைப்புக் கோலைப் பிடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். சோதனையாளர் சொல்லும் ஓர் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: சோதனையா, கோட்பாடா, கணினிக் கணிப்பா

இதைக் குறித்து நீண்ட நாள் குழம்ப வேண்டியதில்லை. ஒரு கோடை விடுமுறையைச் சோதனை ஆய்வகத்திலும் இன்னொன்றைக் கணிப்புக் குழுவிலும் கழித்துப் பாருங்கள். சோதனைக்காகச் செய்த மாதிரி பத்தாவது முறையாகக் கெட்டுப்போன பிறகும் பதினோராவதைச் செய்யக் கை துடிக்கிறது என்றால் உங்கள் இடம் சோதனை. கணிப்பு வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் குவாண்டம் எஸ்பிரெசோ, லாம்ப்ஸ் போன்ற திறந்த மென்பொருள்களைச் செலவின்றிப் பெற்றுப் பழகலாம். ஆனால் மென்பொருள் தரும் எண்ணின் எல்லையை உணர்ந்திருக்க வேண்டும். எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு பொருளின் பண்புகளைக் கணிக்கும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின் வழக்கமான தோராயங்கள் குறைகடத்திகளின் ஆற்றல் இடைவெளியைக் குறைத்தே காட்டும் என்பது இதற்கு நன்கறியப்பட்ட சான்று. கோட்பாட்டாளருக்குப் பொறுமை வேறு வகையில் தேவைப்படுகிறது. திருகிய கிராஃபீன் அடுக்குகளில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை தட்டையாகிவிடும் என்று பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் எழுதியது 2011-இல். சோதனை அதை எட்டிப்பிடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின.

நான்காம் படி: நெறியாளரையும் ஆய்வகத்தையும் தேர்ந்தெடுத்தல்

முனைவர் பட்ட ஆய்வு நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் நீளும். அந்த ஆண்டுகளின் தரத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் காட்டிலும் நெறியாளரும் ஆய்வகமும்தான் தீர்மானிக்கிறார்கள். விண்ணப்பிப்பதற்கு முன் அந்தக் குழுவின் கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, முதல் ஆசிரியர்களாக இருந்த மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடுங்கள். பிறகு, இப்போது அங்கிருக்கும் மாணவர்களிடம், நெறியாளர் உடனில்லாத நேரத்தில், நேரடியாகக் கேளுங்கள். முதல் கட்டுரை வெளிவர எத்தனை ஆண்டுகள் ஆயின? முக்கியக் கருவி பழுதானால் யார் சரிசெய்கிறார்கள்? எதிர்பார்த்ததற்கு மாறான முடிவைக் கொண்டுபோனால் நெறியாளர் என்ன சொல்கிறார்? மூன்றாவது கேள்விக்கு மாணவர்கள் தயங்கித் தயங்கி விடை சொன்னால், அந்த ஆய்வகத்தைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியதை அறிந்துவிட்டீர்கள்.

மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கேட்க மறக்காதீர்கள். நானோ இயற்பியலில் முடிவுகளின் தரம் பெரும்பாலும் மாதிரியின் தரமே. கிராஃபீனைச் சிலிக்கான் டையாக்சைடின் மேல் வைத்து அளந்தவர்கள் பல ஆண்டுகள் முட்டி நின்ற எல்லையை, 2010-இல் அறுகோண போரான் நைட்ரைடின் மேல் வைத்து அளந்தவர்கள் தாண்டினார்கள். அந்தப் படிகங்களை ஜப்பானின் சுகுபா நகரில் வளர்த்துக் கொடுத்தவர்கள் கென்ஜி வாட்டனபேயும் தகாஷி டானிகுச்சியும். இன்றும் உலகெங்குமுள்ள குழுக்கள் தம் கட்டுரைகளில் அவர்களைக் கூட்டாசிரியர்களாகச் சேர்க்கும் அளவுக்கு அவர்களுடைய படிகங்களைச் சார்ந்திருக்கின்றன. நல்ல மாதிரியைத் தானே செய்யும் ஆய்வகமோ, செய்து தருபவரோடு உறுதியான உறவுள்ள ஆய்வகமோ உங்களுக்கு வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் ஆண்டில் கைப்பழக்கமும் பாதுகாப்பும்

முதல் ஆண்டின் பெரும்பகுதி தூய்மை அறையில் கழியும். மஞ்சள் விளக்கொளியில், தலை முதல் கால் வரை மூடிய உடையில் வேலை செய்வது தொடக்கத்தில் மூச்சுமுட்டுவதாக இருக்கும். ஒளியுணர் ரெசிஸ்ட் (நுண்வடிவங்களை வரையத் தகட்டில் பூசும் படலம்) நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் எதிர்வினை காட்டும் என்பதால் மஞ்சள் விளக்கு. அங்கே தூசியின் முதன்மை ஊற்று மனித உடல் என்பதால் அந்த உடை. காரணம் தெரிந்தபின் விதிகள் சுமையாகத் தோன்றுவதில்லை.

சில விதிகளை மீறினால் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் அது உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அந்த அமிலப் புட்டியை எடுக்காதீர்கள், தனியாக இருக்கும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலில் அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் சேர்ந்தால் வெடிக்கும். அதன் கழிவை இறுக மூடிய புட்டியில் வைத்தாலும் வெடிக்கும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் 700 லிட்டர் அளவுக்கு வாயுவாகி, சிறிய அறையின் ஆக்சிஜனை ஓசையின்றி இடம்பெயர்த்துவிடும். இவற்றைப் பற்றிய பயிற்சியைக் கையெழுத்துப் போட்டுத் தீர்க்கும் சடங்காக நடத்தும் ஆய்வகத்தில், முறையான பயிற்சியை நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

அதன்பின் ஒரே ஒரு செய்முறையை முழுமையாகக் கைவசப்படுத்துங்கள். சிலிக்கான் தகட்டில் ரெசிஸ்டைச் சுழற்றிப் பரப்பி, எலக்ட்ரான் கற்றையால் வரைந்து, உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்து, வேண்டாத பகுதியைக் கரைத்து நீக்கும் வரிசையை ஐம்பது முறை செய்தவருக்கு, எந்தக் கட்டத்தில் எது தவறிப்போகும் என்பது கட்டுரை எதிலும் எழுதப்படாத அறிவாகக் கூடிவிடும். அத்தனை பாடுபட்டுச் செய்த சாதனத்தை, நிலத்தொடர்பு இல்லாத ஒருவரின் விரல் நுனியிலிருந்து பாயும் நிலைமின்சாரம் ஒரு நொடியில் எரித்துவிடும் என்பதையும் இந்த ஆண்டிலேயே கற்றுக்கொள்வீர்கள்.

ஆறாம் படி: அளந்ததை நம்பும் முன்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானது இந்தப் படி. 1981-இல் பின்னிக்கும் ரோரரும் சூரிக்கிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் உருவாக்கிய, கூரிய முனையைப் பரப்புக்கு மிக அருகில் நகர்த்திப் படமெடுக்கும் எஸ்டிஎம் நுண்ணோக்கியில், முனைக்கும் பரப்புக்கும் இடையிலான தொலைவு 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அணுக்களைக் காட்டும் ஆற்றலை அக்கருவிக்குத் தந்தது இந்த நுண்ணுணர்வு. பக்கத்து அறையில் கதவு சாத்தப்படும் அதிர்வையும் அணுவின் மேடுபள்ளம் போலக் காட்டுவதும் அதே நுண்ணுணர்வுதான். நானோ அளவில் எல்லாக் கருவிகளும் இப்படித்தான். எனவே திரையில் தெரிவது மாதிரியிடமிருந்து வருகிறதா, கருவியிடமிருந்து வருகிறதா என்ற ஐயம் உங்களுக்கு முதல் இயல்பாக வேண்டும்.

முனைவர் ஆய்வின் இரண்டாம் ஆண்டில், மின்னழுத்தத்தைக் கூட்டும்போது மின்னோட்டம் படிக்கட்டு போல ஏறும் ஒரு வளைவு எனக்குக் கிடைத்தது. நான்கு மாதங்கள் அதற்கு விளக்கம் தேடினேன். அதற்கென ஒரு கோட்பாட்டைக்கூட எழுதிவிட்டேன். பிறகு ஒரு மூத்த மாணவர், மாதிரியைக் கழற்றிவிட்டு வெறும் தாங்கியை மட்டும் அளந்து பார்க்கச் சொன்னார். அதே வளைவு வந்தது. தாங்கியின் பலகையில் படிந்திருந்த ஈரத்தின் வழியே கசிந்த மின்னோட்டத்தைத்தான் நான் அதுவரை ஆராய்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து, மாதிரி இல்லாமல் அளப்பதே என் மாணவர்கள் செய்யும் முதல் அளவீடு.

அது போலவே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. மின்தடையை நான்கு முனைகளால் அளந்து, தொடுமுனைகளின் தடையை விலக்குங்கள். மிகச் சிறிய சைகையை லாக்-இன் பெருக்கியால் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) அளக்கும்போது, மின்வழங்கலின் அதிர்வெண்ணோடும் அதன் மடங்குகளோடும் ஒட்டாத 13 அல்லது 17 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். கூரிய முனையால் பரப்பைத் தடவி உயரத்தைப் பதியும் ஏஎஃப்எம் நுண்ணோக்கியின் படத்தில் எல்லாத் துகள்களும் ஒரே திசையில் ஒரே வடிவ நிழலோடு தெரிந்தால், நீங்கள் பார்ப்பது முறிந்த முனையின் உருவத்தை. அதே கருவியில் துகளின் விட்டத்தை அகலத்திலிருந்து எடுக்காமல் உயரத்திலிருந்து எடுங்கள், ஏனென்றால் முனையின் ஆரம் அகலத்தோடு சேர்ந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளையே மாற்றுகிறது என்பதால் ஒரே இடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அது எப்போதும் அப்படியே இருந்தது என்று எழுதாதீர்கள். ஒரு சாதனத்தில் மட்டும் தெரியும் விளைவை இரண்டாவது சாதனத்திலும் காணும்வரை ஒருவரிடமும் அறிவிக்காமலிருப்பது நல்லது.

குறிப்பேடு இதன் மறுபாதி. தேதி, மாதிரியின் எண், வெப்பநிலை, பெருக்கியின் அமைவு, கோப்பின் பெயர், உங்கள் ஐயங்கள் என எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். கருவி தந்த மூலத் தரவை எந்நாளும் திருத்தாமல், இரண்டு இடங்களில் சேமியுங்கள். இதைச் செய்யாததன் விலையை இத்துறை ஒருமுறை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறது. பெல் ஆய்வகத்தில் மூலக்கூறு மின்னணுச் சாதனங்களைப் பற்றி அடுக்கடுக்காகக் கட்டுரைகள் வெளியிட்ட யான் ஹெண்ட்ரிக் ஷான் என்பவரின் வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட அச்சு மாறாமல் ஒன்றாக இருப்பதை 2002-இல் பிற இயற்பியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவ்வாண்டே மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு விசாரித்து, 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியானவை என்று அறிவித்தது. விசாரணையில் காட்டுவதற்கு அவரிடம் முறையான குறிப்பேடும் இல்லை, மூலத் தரவும் இல்லை. அந்த முடிவுகளை நம்பி, அவற்றைத் திரும்பச் செய்து பார்க்க முயன்று ஆண்டுகளை இழந்த மாணவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஏழாம் படி: கட்டுரை எழுதுதல்

வரைபடங்களை முதலில் செய்யுங்கள். நான்கு வரைபடங்களை வரிசையாக வைத்தால் வாதம் தானே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னோர் அளவீடு குறைகிறது என்று பொருள். பிறகு எழுத்து. பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்சிவ் களஞ்சியத்தில், இத்துறைக்கென இருக்கும் பிரிவை நாள்தோறும் காலையில் பார்ப்பதை முதல் ஆண்டிலிருந்தே வழக்கமாக்கிக்கொண்டால், எழுதும் நேரத்தில் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடித் தவிக்க வேண்டியிராது. எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்பதில், கூற்று பரந்ததாயின் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ், நானோ லெட்டர்ஸ் போன்றவற்றையும், முழு விவரங்களோடு நிதானமாகச் சொல்ல வேண்டியதாயின் பிசிக்கல் ரிவியூ பி போன்றவற்றையும் எண்ணிப்பாருங்கள். மதிப்புரைஞரின் குறிப்புகள் கடுமையாக இருந்தால், ஒரு நாள் விட்டுவிட்டு விடை எழுதுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்ட இடம் பெரும்பாலும் நீங்கள் தெளிவாக எழுதாத இடமாகவே இருக்கும்.

எட்டாம் படி: முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகள்

போஸ்ட்டாக் எனப்படும் இந்தக் காலம் ஓரிடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளாக, சிலருக்கு இரண்டு இடங்களில், நீள்கிறது. இதில் பின்பற்றத்தக்க நெறி எளிதானது: ஒன்றை மாற்றுங்கள், ஒன்றைக் கைவிடாதிருங்கள். முனைவர் ஆய்வில் நானோகம்பிகளின் மின்கடத்துகையைக் குறைந்த வெப்பநிலையில் அளந்தவர், அதே அளவீட்டுத் திறனோடு வேறொரு பொருளுக்குப் போகலாம். அல்லது அதே பொருளை ராமன் நிறமாலையால் (சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை அளக்கும் முறை) ஆராயக் கற்கலாம். இரண்டையும் ஒருங்கே மாற்றுபவர் புதிய மாணவராகிவிடுகிறார். இரண்டையும் மாற்றாதவர் பழைய நெறியாளரின் நிழலிலிருந்து வெளியே வருவதில்லை, பணிநியமனக் குழுக்களும் அதைக் கண்டுகொள்கின்றன.

நிலையான பதவிகள் போஸ்ட்டாக்குகளின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு காலவரம்பை வைத்துக்கொண்டு, குடும்பத்தோடும் நெறியாளரோடும் அதைப் பேசிவிடுங்கள். வெற்றிடத் தொழில்நுட்பம், லித்தோகிராஃபி (தகட்டில் நுண்வடிவங்களை வரையும் முறை), நுண்ணளவீடு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கைவசம் வைத்திருப்பவரைக் குறைகடத்தித் தொழிலகங்களும் கருவி செய்யும் நிறுவனங்களும் தேடிக்கொண்டிருக்கின்றன. அங்கே போகும் மாணவரைத் தோற்றவராகக் கருதும் வழக்கம் சில துறைகளில் இருப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஒன்பதாம் படி: ஆய்வுத் திட்டமும் நேர்காணலும்

ஆசிரியப் பணிக்கான விண்ணப்பத்தின் உயிர் ஆய்வுத் திட்டம். அதில் உங்கள் கேள்வியை முதல் பத்தியிலேயே, துறைக்கு வெளியிலிருக்கும் ஓர் இயற்பியலாளருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள். அடுத்து, முதல் இரண்டு ஆண்டுகளில் உறுதியாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை, ஐந்தாண்டில் எட்ட விரும்பும் ஒரு வேலை, வெற்றி உறுதியில்லாத துணிச்சலான ஒரு வேலை என மூன்றை விவரியுங்கள். முதலாவது எப்போதும் கைவசம் உள்ள கருவிகளால் செய்யத்தக்கதாக இருக்கட்டும்.

நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளுள் கடினமானது, எந்தக் கருவியைச் சொந்தமாக வாங்குவீர்கள், எதைப் பொதுக்கூடத்தில் பகிர்ந்துகொள்வீர்கள் என்பதே. எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபியும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் தனியொரு குழுவால் பராமரிக்கத்தக்கவை அல்ல. உங்கள் கேள்விக்கென்றே அமைந்த அளவீட்டுக் கருவி மட்டும் உங்கள் அறையில், உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். கற்பித்தலையும் இலேசாக எண்ணாதீர்கள். திண்மநிலை இயற்பியலை இளங்கலை மாணவருக்கு நடத்தும்போது எழும் எளிய கேள்விகளிலிருந்து எனக்கு இரண்டு ஆய்வுச் சிக்கல்கள் கிடைத்திருக்கின்றன.

பத்தாம் படி: வெற்று அறையிலிருந்து தொடங்குதல்

பதவி கிடைத்து, அறையின் சாவியும் கைக்கு வந்தபின், கருவிகளை உடனே வாங்கிக் குவிக்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு வாரம் அந்த வெற்று அறையை அளந்து பாருங்கள். அதிர்வுமானியைக் கடன்வாங்கித் தரையின் அதிர்வைப் பகலிலும் நள்ளிரவிலும் பதிவு செய்யுங்கள். மின்தூக்கி ஓடும்போது காந்தப்புலம் எவ்வளவு மாறுகிறது, குளிரூட்டி நின்று மீண்டும் ஓடத் தொடங்கும்போது வெப்பநிலை எவ்வளவு ஊசலாடுகிறது என்று பாருங்கள். கட்டடத்தின் நிலத்தொடர்பு தூய்மையாக இல்லையென்றால், தனி நிலத்தொடர்பு அமைக்கக் கேட்பதற்கு இதுவே உரிய நேரம். கருவிகள் உள்ளே வந்தபின் அது பல மடங்கு கடினமாகிவிடும். கீழ்த்தளத்து அறை இருந்தால் அதற்காகப் போராடுங்கள், சாளரமில்லாத அறையானாலும் பரவாயில்லை.

அந்த வாரத்தின் அளவீடுகளை அச்சிட்டு, ஆய்வகத்தின் முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர், 23 ஹெர்ட்ஸில் விளங்காத ஓர் உச்சம் தெரிகிறது என்று ஆர்வத்தோடு உங்களிடம் ஓடிவருவார். அப்போது அவரை உட்காரவைத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அந்த உச்சம் அங்கே இல்லை என்றால் நீங்களும் எழுந்து அவரோடு கருவியறைக்குப் போங்கள்.